குடும்ப வரலாறு: தெரியாது

காந்தோஸ் ஆஸ்பத்திரியின் பின்கட்டில்
பிணவறைக்கு முந்தின கதவு என்னுடையது.
காலை எட்டு மணிக்கு வாளிகளில் வந்துவிடும்
நேற்று யார் யாரிடமிருந்தோ வெட்டியவை:
பித்தப்பை, மச்சம், பாதி மார்பு.
ஃபார்மலினில் ஊறினால் எல்லாம் ஒரே நிறம்.

செவ்வாய்க்கிழமை டப்பாவில்
உரித்த லிச்சி மாதிரி ஆறு.
உச்சந்தலை என்றது சீட்டு.
மரி-ஆஞ்ச் லாஃபோந்த், முப்பத்துநாலு, சூயாக்.
குடும்ப வரலாறு என்ற கட்டத்தில்
யாரோ அவசரமாக: தெரியாது.

மெழுகில் புதைத்தேன். கத்தி ஓடியது.
தலைமுடிப் பருமனில் இருபதில் ஒரு பங்கு ஏடு
வெந்நீரில் மிதக்க, கண்ணாடியில் ஏந்தினேன்.
ஊதா ஊற்றினேன். சிவப்பு ஊற்றினேன்.
டாக்டர் ஃபௌஸியா குனிந்து பார்த்துவிட்டு
"வந்து பாரேன், என்ன அழகு" என்றார்.
நோயை அழகு என்பது அவர் வழக்கம்.

தீவுகள்.
ஊதாத் தீவுகள், ஒன்றின் பள்ளத்தில் மற்றதன் மேடு
பொருந்தி, ஓடம் நுழைய இடமில்லாமல்.
ஒவ்வொன்றையும் சுற்றி இளஞ்சிவப்பு வேலி,
விமானம் இறங்கும்போது நம் கரையோரம்
பவளப்பாறை தெரியுமே, அப்படி.

"சிலிண்ட்ரோமா. வியர்வைச் சுரப்பியில் முளைப்பது.
இல்லை, மயிர்க்காலில் என்கிறார்கள் இப்போது.
புத்தகங்களுக்குள் சண்டை தீரவில்லை.
பெரும்பாலும் கொல்லாது. இத்தனை இருந்தால்
குடும்பத்தில் ஓடும்.
பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது."

தெரியும் என்று நான் சொல்லவில்லை.
பதினைந்து வயதில், வலது காதுக்கு மேலே,
சீப்பின் பல் இடறி நின்ற இடத்தில்
இன்று நான்கு. கடலை, கடலை, மொச்சை,
இன்னும் பெயர் வைக்காத ஒன்று.

அப்பா பஸ் கண்டக்டர்.
காளிமுத்து, குமாஸ்தா எழுதிய எழுத்தில்
கலிமூத்து ஆனவர்.
வீட்டிலும் தொப்பி. சாப்பிடும்போதும் தொப்பி.
கழற்றச் சொல்வார்களே என்று
கோயில் வாசலோடு நின்றுவிடுவார், காவடியன்றும்.
ஞாயிற்றுக்கிழமை இரவு கதவைச் சாத்தி
அம்மாதான் முடி வெட்டுவாள்.
கத்தரிக்கோல் சுற்றிச் சுற்றிப் போகும் சத்தம்,
நேராகப் போக வழியில்லாத சத்தம்.
கடைசியில் அவரைக் குளிப்பாட்டிய ஆண்கள்
வெளியே வந்து யாரும் யாரையும் பார்க்கவில்லை.

இருபத்தாறு வருஷம் ஒரே தடம்:
க்யூர்ப்பிப் டு சூயாக், கடைசி வண்டி.
கடைசி வண்டி இரவு அங்கேயே தங்கும்,
விடிந்ததும் திரும்பும்.
இதில் கூட்ட ஒன்றுமில்லை என்றே
நாற்பத்தோரு வயது வரை இருந்துவிட்டேன்.
அம்மாவுக்கு அந்தத் தலையில் மேடு மேடாகத் தெரியும்.
இது மட்டும் தெரியாமலா?

சீட்டில் எண் ஒட்டுவதுதான் என் வேலை.
ஒட்டினேன்.
கட்டத்தில் கிடந்த 'தெரியாது'வின் மேல்
பேனா கொஞ்ச நேரம் நின்றது,
பிறகு மூடியைத் தேடிக்கொண்டது.

தையல் பிரிக்க அவள் வந்தது ஜனவரியில்.
மின்விசிறி செத்துக் கிடந்த நடைக்கூடம்.
வேலை இல்லாமலே அந்தப் பக்கம் போனேன்.
தலையில் மஞ்சள் துணி, விளிம்பில் வியர்வை ஈரம்.
மருந்து எங்கே கொடுப்பார்கள் என்று
கிரியோலில் கேட்டாள். இடது கையால் காட்டினேன்.
வலது கை, பாழாய்ப் போன கை,
தானாக ஏறிக் காதுக்கு மேல் முடியை
இழுத்து மூடிக்கொண்டிருந்தது.

மற்றவர்களுக்கு அது பெண் முடியொதுக்கும் கை.
அவள் அதைப் பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.

தீவு முழுக்கச் சுற்றி ஓடும் பாறை வேலி
சூயாக்கில் இல்லை.
அலை அங்கே நேரே வந்து கரையில் அடிக்கும்.

பெஞ்சில் இருந்த கைப்பையை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டாள்.